முதல் நீண்ட பைக் பயணம்: சென்னையிலிருந்து கொல்லிமலை வரை, படிப்படியாக

இருக்கிற வண்டியே போதும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீண்ட பயணம் போக ஆசைப்படுகிற பலர், 350 சிசி வண்டி வாங்கக் காசு சேரட்டும் என்று இரண்டு மூன்று வருஷத்தைத் தள்ளிவிடுகிறார்கள். நான் இன்றுவரை ஓட்டுவது ஒரு பழைய 150 சிசி வண்டி. அதில்தான் கொல்லிமலை, வால்பாறை, தனுஷ்கோடி எல்லாம் போய் வந்தேன். எனக்கு ஆபத்து வந்த ஒவ்வொரு முறையையும் நினைத்துப் பார்த்தால், அதற்குச் சற்று முன்னால் "இன்னும் கொஞ்ச தூரம்தானே, அப்புறம் நிறுத்திக்கலாம்" என்று நான் தள்ளிப்போட்ட ஒரு நிறுத்தம் இருந்திருக்கிறது. தண்ணீர் குடிக்க, தூங்க, செயினைப் பார்க்க, மழைக்கு ஒதுங்க, ஏதோ ஒன்று. அதனால் இந்தக் கட்டுரையில் வேகத்தைப் பற்றிக் குறைவாகவும் நிறுத்துவதைப் பற்றி அதிகமாகவும் சொல்லப்போகிறேன்.

எடுத்துக்காட்டுக்குச் சென்னையிலிருந்து கொல்லிமலை என்று வைத்துக்கொள்வோம். நான்கு வழிச் சாலை, ஊர்ச் சாலை, மலைச் சாலை மூன்றும் ஒரே பயணத்தில் வரும். ஒரு பக்கத்துக்கு 350 கிலோமீட்டருக்கு மேல், கடைசியில் காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள்.

முதலில் உடம்பைப் பழக்குங்கள்

ஆபீஸுக்குத் தினமும் 30 கிலோமீட்டர் ஓட்டுகிறேன், 350 ஓட்ட முடியாதா என்று கேட்பார்கள். முடியாது என்று சொல்லவில்லை, உங்கள் முதுகும் மணிக்கட்டும் எந்தக் கிலோமீட்டரில் வலிக்க ஆரம்பிக்கும் என்பது உங்களுக்கு இன்னும் தெரியாது, அவ்வளவுதான். அதைத் தெரிந்துகொள்ள மூன்று பயணம் போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போய்த் திரும்புங்கள். நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். அதில் ஹெல்மெட் நெற்றியை அழுத்துகிறதா, கண்ணாடி அதிர்கிறதா, கையுறை போட்டால் இண்டிகேட்டர் பொத்தான் கைக்கு எட்டுகிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். அடுத்தது செஞ்சி. திண்டிவனம் வழியாகப் போய், ராஜகிரிக் கோட்டை ஏறி இறங்கி, அன்றே திரும்பினால் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். களைத்த காலோடு திரும்பி ஓட்டுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் புரியும். மூன்றாவது ஏலகிரி, ஒரு இரவு தங்கி வரலாம். வளைவுகள் 14 தான், சாலையும் நன்றாக இருக்கும், மலையில் ஓட்டக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் சென்னைப் பக்கத்தில் இல்லை. அந்த வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள் பெயரையும் கடையெழு வள்ளல்கள் பெயரையும் வைத்திருக்கிறார்கள். அதில் ஓரியும் ஒருவர். பலகையில் அந்தப் பெயரைப் படித்துவிட்டு அடுத்த பயணத்தில் அவர் ஆண்ட கொல்லிமலைக்கே போவது எனக்கு ரொம்பப் பிடித்த வரிசை.

வண்டி: கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால்

சர்வீஸ் விடுவதைக் கடைசி நாள் வரை வைத்திருக்காதீர்கள். ஒருமுறை நான் சனிக்கிழமை மாலை வண்டியை எடுத்து ஞாயிறு விடிகாலை கிளம்பிவிட்டேன். விக்கிரவாண்டி தாண்டி டீ குடிக்க இறங்கினால் வலது கால் ஷூ முழுக்க எண்ணெய். ஆயில் மாற்றியவர்கள் அடியில் இருக்கிற போல்ட்டைச் சரியாக முடுக்கவில்லை. சொட்டுச் சொட்டாக அவ்வளவு தூரமும் ஒழுகி, காற்றில் தெறித்து, பின் டயரின் ஓரம்வரை ஈரமாகியிருந்தது. நேர் சாலையாக இருந்ததால் தப்பித்தேன், அது ஒரு மலை வளைவாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை. ஒரு வாரம் முன்பே சர்வீஸ் விட்டு, அப்புறம் ஐம்பது நூறு கிலோமீட்டர் ஊருக்குள் ஓட்டிப் பாருங்கள். சர்வீஸில் நடந்த தவறு எல்லாம் அதற்குள் வெளியே வந்துவிடும்.

நீங்களே பார்க்க வேண்டியவை சில உண்டு. செயினை நடுவில் விரலால் மேலே தள்ளிப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் 25 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கலாம், உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கையேட்டில் போட்டிருக்கும். தளர்ந்தால் சத்தம் கேட்டுத் தெரிந்துவிடும், ரொம்ப இறுக்கிவிட்டால் சத்தமே வராது, பேரிங்கைத்தான் தின்னும், அதனால் இறுக்கமான செயின்தான் நல்லது என்று நினைக்காதீர்கள். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை செயின் லூப், அதாவது செயினுக்கான மசகெண்ணெய், அடிக்க வேண்டும். கொல்லிமலை போய் வந்தால் 700 தாண்டும், ஆகவே சின்ன பாட்டில் ஒன்று கூடவே இருக்கட்டும். டயரில் காற்றை வண்டி ஆறியிருக்கும்போது, அதாவது ஓட்டுவதற்கு முன்னால் பாருங்கள், ஓடிய சூட்டில் அளந்தால் கூடுதலாகக் காட்டும். பின்னால் ஆளோ சாமானோ உண்டென்றால் பின் டயருக்குக் கையேட்டில் தனி அளவு இருக்கும். பிரேக் பேடு பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

2019 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி என்றால் ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற அமைப்பு, இருக்கிறதா என்று பாருங்கள். 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளுக்கும் அது கட்டாயமானது அப்போதுதான். என்னுடையதில் இல்லை. ஏபிஎஸ் இல்லாத வண்டியில் பயந்துபோய் பிரேக்கை ஒரே பிடியாகப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். காலியான இடத்தில் 30, 40, 50 என்று வேகத்தைக் கூட்டி, முன் பிரேக்கை மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக அழுத்தும் பழக்கத்தை விரல்களுக்குக் கற்றுக்கொடுங்கள்.

கருவிகளில், வண்டியோடு வந்த டூல் கிட், பஞ்சர் கிட், கையால் அடிக்கிற பம்ப், ஒரு கிளட்ச் கேபிள், ஒரு ஃபியூஸ், கொஞ்சம் கட்டுக்கம்பி. இதற்கு மேல் எடுத்துப்போனாலும் உங்களுக்குப் போடத் தெரியாது. ஊருக்கு ஊர் மெக்கானிக் உண்டு.

மூட்டையும் உடுப்பும்

கனமான சாமான் கீழே, வண்டியின் நடுப்பக்கமாக. வால் முனையில் கட்டினால் முன் சக்கரம் லேசாகிவிடும், வளைவில் ஹேண்டில் மிதப்பது போல இருக்கும். கொக்கி வைத்த ரப்பர் கயிறு ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். அது பள்ளத்தில் குதித்துக் கழன்று சக்கரத்தில் சுற்றிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். பட்டைக் கயிற்றால் கட்டிவிட்டு, தொங்குகிற நுனியை மடித்துச் சொருகுங்கள். பின்னால் உட்கார்கிறவரின் துப்பட்டாவும் சேலை முந்தானையும் அதே மாதிரிதான்: உட்காரும் முன்னால் இழுத்துச் சொருகியாயிற்றா என்று ஒவ்வொரு முறையும் வாய்விட்டுக் கேளுங்கள்.

ஐஎஸ்ஐ முத்திரை உள்ள, முகத்தை முழுதும் மூடுகிற ஹெல்மெட், பின்னால் இருப்பவருக்கும் அதேதான். விழும்போது நாம் முதலில் ஊன்றுவது கையைத்தான், அதனால் காசு குறைவாக இருந்தால் ஜாக்கெட்டுக்கு முன்னால் கையுறை வாங்குங்கள். கணுக்காலை மூடுகிற ஷூ. செருப்பு வேண்டவே வேண்டாம். மழைக்கோட்டு மூட்டையின் அடியில் இல்லாமல் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கட்டும். காதில் பஞ்சோ இயர் பிளக்கோ வைத்துக்கொள்ளுங்கள், ஆறு மணி நேரக் காற்று இரைச்சல் எவ்வளவு களைப்பைக் கொடுக்கிறது என்பது அதைத் தடுத்துப் பார்த்தால்தான் தெரியும், ஹாரன் சத்தம் அப்போதும் நன்றாகவே கேட்கும். லைசென்ஸ், ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று நான்கும் டிஜிலாக்கரில் இருந்தால் போதும், ஆனாலும் போன் சார்ஜ் தீர்ந்துபோகும் என்பதால் நகல் ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு வழிச் சாலை

விடிகாலை ஐந்துக்குக் கிளம்பினால் பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி நெரிசல் சேர்வதற்குள் செங்கல்பட்டைத் தாண்டிவிடலாம். சுங்கச்சாவடிகளில் பைக்குக்குக் கட்டணம் இல்லை, இடது ஓரமாக வழி இருக்கும். அந்த வழியில் மணலும் கற்களும் சேர்ந்து கிடக்கும், மெதுவாகப் போங்கள்.

வேகத்தைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஒரு நொடிக்கு 22 மீட்டர் நகர்கிறீர்கள். முன்னால் ஏதோ ஆபத்து என்று கண் பார்த்து, கை பிரேக்கைத் தொடுவதற்குள் அந்த 22 மீட்டர் போய்விடும். அதற்கப்புறம்தான் வண்டி நிற்கவே தொடங்கும். 60-லிருந்து 90-க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்குதான், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் இரண்டேகால் மடங்கு. 150 சிசி வண்டிக்கு 70 போதும். 90-ல் ஓட்டி நான் சேமித்த நேரத்தையெல்லாம் கூடுதல் களைப்புக்காக எடுத்த ஓய்வு தின்றுவிட்டது.

நேரத்தை மேப் சொல்வதை வைத்துக் கணக்கிடாதீர்கள், அது கார் கணக்கு. நிறுத்தங்களையும் சேர்த்தால் நான்கு வழிச் சாலையில் மணிக்கு 45 முதல் 50, மலையில் 20. அப்படிப் பார்த்தால் கொல்லிமலைக்கு ஒன்பது மணி நேரம். ஐம்பது நிமிஷத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள், களைப்பாக இல்லாவிட்டாலும் சரி. இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, நாலு வாய் தண்ணீர் குடித்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். என் வண்டியின் எண்ணெய் ஒழுக்கை நான் பார்த்ததும் இப்படி ஒரு நிறுத்தத்தில்தான்.

உளுந்தூர்பேட்டையில் திரும்பி கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாகச் சேலம் போகிற சாலையில் கவனம் இன்னும் கொஞ்சம் அதிகம் வேண்டும். புறவழிச்சாலைகளில் நான்கு வழி இரண்டாகச் சுருங்கிய இடங்களில் நிறைய விபத்து நடந்திருக்கிறது. எங்கே வேலை நடந்தாலும், மாற்றுப்பாதை என்ற பலகையைப் பார்த்ததும் எதிரே வண்டி வரும் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். கரும்பு வெட்டுகிற காலத்தில் டிராக்டர்கள் பின்விளக்கு இல்லாமல், டிரெய்லரின் இரண்டு பக்கமும் கரும்பு நீட்டிக்கொண்டு போகும். இருட்டியபின் அதை இருபது மீட்டரில்தான் பார்ப்பீர்கள். நான் இரவில் ஓட்டுவதில்லை, புதியவர்களும் ஓட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தூக்கம்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் இரண்டாவது கொல்லிமலைப் பயணம், மாசி மாதக் கடைசி. கள்ளக்குறிச்சியில் மதியம் முழுச் சாப்பாடு சாப்பிட்டேன், சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் என்று எதையும் விடவில்லை. அங்கிருந்து ஆத்தூர் ஒரு மணி நேரம்தானே என்று கிளம்பினேன். ஒரு இருபது நிமிஷத்தில் கண் எரிந்தது. பாட்டுப் பாடினேன், முகக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் காற்றை வாங்கினேன், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். அப்புறம் எனக்கு நினைவில் இருப்பது சக்கரத்துக்கு அடியில் ஒரு கரகர சத்தம். சாலையின் இடது வெள்ளைக் கோட்டைத் தாண்டி மண்ணில் போய்க்கொண்டிருந்தேன். எதிரே ஒரு கிலோமீட்டர் கல். எத்தனை நொடி கண் மூடியிருந்தேன் என்று இன்றுவரை தெரியாது, இரண்டு நொடி என்று வைத்துக்கொண்டாலும் நாற்பது மீட்டர்.

வண்டியை நிறுத்தியபோது கை நடுங்கியது. பக்கத்துப் புளியமரத்தடியில் ஒரு ஆயா இளநீர் வைத்திருந்தார்.

"ஏங்கண்ணு, மூஞ்சி இப்படிச் செவந்து கெடக்குது, எங்கிருந்து வர்றே?"

"மெட்ராஸ்ல இருந்து ஆயா."

"வண்டியிலயா? அந்தக் கயித்துக் கட்டுல்ல செத்த படு சாமி, நான் இருக்கறேன், வண்டியப் பாத்துக்கறேன்."

முப்பது நிமிஷம் தூங்கினேன். எழுந்து இளநீர் குடித்துவிட்டுக் கிளம்பியபோது கண் கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து எனக்கு நானே போட்டுக்கொண்ட விதிகள் இவை. முந்தின இரவு ஏழு மணி நேரம் தூங்காமல் கிளம்புவதில்லை. ஓட்டும் நாளில் மதியம் இட்லியோ தயிர்ச்சாதமோ, அரை வயிறு. பகல் ஒன்றிலிருந்து மூன்று வரை வண்டி நிழலில் நிற்கும். ஒரு முறை கொட்டாவி வந்தால் அடுத்த நிழலில் நிறுத்துவேன், இரண்டாவது கொட்டாவிக்குக் காத்திருப்பதில்லை. பாட்டு, டீ, காற்று எல்லாம் தூக்கத்தைப் பத்து நிமிஷம் தள்ளிப்போடும், போக்காது. தூக்கத்துக்கு மருந்து தூக்கம்தான்.

ஊர்ச் சாலை

ஆத்தூரிலிருந்து மல்லியக்கரை, ராசிபுரம், பேளுக்குறிச்சி வழியாகக் காளப்பநாயக்கன்பட்டி போகலாம். அறுவடைக் காலத்தில் இந்த மாதிரிச் சாலைகளில் கொள்ளு, சோளம், உளுந்துக் கதிர்களைச் சாலையிலேயே பரப்பியிருப்பார்கள், வண்டிகள் ஏறி மிதித்துத் தானியம் உதிரட்டும் என்று. பார்க்க மெத்தை போல இருக்கும், அடியில் உதிர்ந்த மணிகள் சக்கரத்துக்குக் கோலிகுண்டுதான். அதன்மேல் ஏற வேண்டி வந்தால் முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, நேராக, பிரேக்கைத் தொடாமல், ஹேண்டிலைத் திருப்பாமல் கடந்துவிடுங்கள். வெள்ளை அடிக்காத வேகத்தடைகளுக்கு ஒரு அடையாளம் உண்டு: பள்ளிக்கூடம், கோயில், டீக்கடை எது கண்ணில் பட்டாலும் முன்னால் ஒரு தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆடு சாலையைக் கடந்தால் அதன் பின்னால் இன்னும் வரும்.

எழுபது வளைவுகள்

மலையேறுவதற்கு முன்பே கீழே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். காரவள்ளியில் பதினைந்து நிமிஷம் உட்கார்ந்து, கை கால்களை உதறிவிட்டு ஏறுங்கள். மாலை நான்குக்கு மேல் ஆகிவிட்டால் அன்று ஏற வேண்டாம், நாமக்கல்லிலோ சேந்தமங்கலத்திலோ தங்கிவிட்டுக் காலையில் போங்கள்.

வளைவுகளுக்கு எண் போட்டிருப்பார்கள். எண்ணைப் பார்த்து அவசரப்பட வேண்டாம், முதல் பத்தில் வேகத்தைப் பழகிக்கொள்ளுங்கள். எல்லா வேலையையும் வளைவுக்கு முன்பே முடித்துவிட வேண்டும், பிரேக், கியர் இரண்டையும். இரண்டாவது கியரில் நுழையலாம், ரொம்பச் செங்குத்தாக இருந்தால் முதல் கியர். வளைவுக்குள் போனபிறகு கிளட்சைப் பிடித்தால் வண்டி இழுவை இழந்து பக்கவாட்டில் சாயும், புதியவர்கள் கொண்டை ஊசியில் விழுவது பெரும்பாலும் இதனால்தான், வேகத்தால் அல்ல. கழுத்தைத் திருப்பி, வளைவு முடிந்து சாலை எங்கே போகிறதோ அந்த இடத்தைப் பாருங்கள். பள்ளத்தைப் பார்த்தால் வண்டி பள்ளத்துக்குத்தான் போகும், இதை எத்தனை தடவை சொன்னாலும் ஒருமுறை செய்து பார்க்கும்வரை யாரும் நம்புவதில்லை.

பஸ் வந்தால் வளைவு முழுதும் அதற்குத்தான். அதைத் திருப்ப அவ்வளவு இடமும் வேண்டும். ஹாரன் கேட்டதுமே வளைவுக்கு முன்னாலேயே இடது ஓரம் நின்றுவிடுங்கள், உள்ளே போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். இறங்கும்போது ஏறி வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு சின்ன ஹாரன்.

இறங்குவது ஏறுவதைவிடக் கடினம். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், என்ஜினே வண்டியைப் பிடித்து வைக்கும். பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வந்தால் சூடேறி, கருகிய வாசனை வந்து, ஒரு கட்டத்தில் பிடிக்கவே பிடிக்காது. அழுத்துங்கள், விடுங்கள், மறுபடி அழுத்துங்கள். பதினைந்து இருபது வளைவுக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிடுங்கள். பெட்ரோல் மிச்சம் என்று என்ஜினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு இறங்குகிறவர்களை இந்த மலையில் நிறையப் பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிரேக் மட்டுமே மிச்சமிருக்கும், அதுவும் சூடாகியிருக்கும்.

மேலே ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல் படிகள் இறங்கி ஏற வேண்டும். அன்றே மலையிறங்கி ஊருக்கு ஓட்டும் திட்டம் இருந்தால் அருவியை விட்டுவிடுங்கள், நடுங்குகிற தொடையோடு பின் பிரேக்கை அளவாக மிதிக்க முடியாது. ஒரு இரவு மலைமேல் இருக்கிற செம்மேட்டில் தங்கி, காலையில் பனிமூட்டம் விலகியபின் இறங்குவதுதான் நல்லது. ஆடி 17, 18-ல் வல்வில் ஓரி விழா, அப்போது சாலையில் கூட்டம் மிக அதிகம், முதல் முறை போகிறவர்கள் வேறு நாள் பார்த்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களையும் தவிர்த்துவிடுங்கள். நல்ல வெயில் காலத்துக்குப் பிறகு வருகிற முதல் மழைதான் எல்லாவற்றிலும் வழுக்கல், சாலையில் படிந்த எண்ணெய் அப்போதுதான் மேலே மிதக்கும். அரை மணி நேரம் ஒதுங்கி நின்றால் மழையே அதைக் கழுவிவிடும்.

கூட்டமாகப் போவதென்றால்

மூன்று வண்டிக்கு மேல் வேண்டாம். அனுபவம் குறைந்தவர் நடுவில். வேகத்தை அவர்தான் முடிவுசெய்கிறார், முன்னால் போகிறவர் கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். பின்தங்கியவரைத் துரத்தி வர வைத்தால் அவருக்குத் தெரிந்ததைவிட வேகமாக ஓட்டுவார். பிரிந்துவிட்டால் எந்த ஊரில் காத்திருப்பது என்று கிளம்பும்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

ஏதாவது ஆகிவிட்டால் 108, தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033. தமிழ்நாட்டில் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021-லிருந்து அரசுத் திட்டம் இருக்கிறது, பணம் கையில் இல்லையே என்று தயங்க வேண்டாம். ரத்த வகையையும் வீட்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதி ஹெல்மெட்டுக்குள் ஒட்டிவையுங்கள், போன் பூட்டியிருந்தாலும் அது பேசும். வேறு யாராவது விழுந்து கிடந்தால் நீங்களும் நிறுத்துங்கள். உதவி செய்தவரைச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் அதற்குப் பாதுகாப்பு இருக்கிறது.

திரும்பி வந்த மறுநாள் வண்டியைக் கழுவி, செயினுக்கு லூப் அடித்து, போல்ட்டுகளை ஒருமுறை முடுக்கிப் பாருங்கள். 70 வளைவு இறங்கியபின் பேடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்: எத்தனை லிட்டர் போட்டீர்கள், எந்த இடத்தில் முதுகு வலித்தது, எங்கே நிறுத்தினீர்கள், எங்கே நிறுத்தாமல் போனீர்கள். அடுத்த பயணத்துக்கு எந்த ஊர்களில் நிறுத்துவது என்பதை அந்த நோட்டை வைத்துக்கொண்டு குறியுங்கள்.